கம்பெனி போட்ட பங்கு

வேலையை விடும் கடிதத்தை ஆர்லிஸ் நான்கு முறை எழுதிக் கிழித்தாள். ஐந்தாவதில் ஒரே வரிதான் மிஞ்சியது. இன்னும் இரண்டு வாரத்தில் நின்றுகொள்கிறேன், நன்றி. அந்த நன்றி எதற்கு என்று யோசித்தாள். அடித்துவிட்டால் திரும்பவும் எழுத வேண்டும் என்பதால் அப்படியே மடித்து மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அறுபது வயது. இருபத்தாறு வருஷம் காகித ஆலையில் இருந்தவள். அது இழுத்து மூடப்பட்டபோது, விஸ்கான்சினின் அந்த வடக்கு மூலையில் மிச்சமிருந்தது ஜன்னல் ஆலை ஒன்றுதான். ஊரே அங்கே போய் வரிசையில் நின்றது, அவளும் நின்றாள். ஊருக்கெல்லாம் ஜன்னல் செய்து அனுப்பும் அந்த ஆலையின் வேலைக்கூடத்தில் ஒரு ஜன்னல் கிடையாது. காலை ஆறு மணிக்கு இருட்டில் உள்ளே போனால் வெளியே மழையா பனியா என்று மத்தியானம் வரை தெரியாது. கண்ணாடியை இரண்டு பக்கமும் இருவர் பிடித்துத் தூக்கி மரச்சட்டத்தில் இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது. இரண்டே வருஷத்தில் அவள் மணிக்கட்டு இரண்டும் போயிற்று. காலையில் காபிக் கோப்பையைப் பிடிக்க வலது கைக்கு இடது கை துணைக்குப் போக வேண்டியிருந்தது.

அவளுக்கு ஒரு வழி இருந்தது. அக்கா மாரிட் டுலூத் நகருக்கு அப்பால் பெரிய ஏரிக்கரையில் புகை போட்ட மீன் விற்கும் கடை வைத்திருந்தாள். கடையின் பங்காளி விலகிப் போகிறான், பாதிப் பங்குக்குப் பதினாலாயிரம் டாலர் கொடுத்தால் கடையும் மாடி அறையும் உனக்கும் சொந்தம் என்றாள். ஆர்லிஸ் கைபேசியில் தன் ஓய்வுக்காலச் சேமிப்பைத் திறந்து பார்த்தாள். பதினாலாயிரத்து நூறு. அன்றைக்கு சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டின் சமையலறையில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள். அந்த டிரெய்லர்கூட அவளுடையதல்ல, செத்துப்போன புருஷனின் அண்ணன் தன் காட்டோரத்தில் போனால் போகிறதென்று இருக்க விட்டது.

அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியான இடைவேளையில், சம்பளப் பிரிவில் இருக்கும் ட்ரூடியிடம் கடிதத்தை நீட்டினாள். ட்ரூடி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏன் ஆர்லிஸ், உனக்கு எந்தத் தேதியில மூணு வருஷம் முடியுதுன்னு தெரியுமா?"

"மார்ச் பதினொண்ணு. நானும் லவோனும் ஒரே நாள்தானே சேர்ந்தோம். ஏன், கேக் வெட்டப் போறியா?"

"கேக்கா? மார்ச் பதினொண்ணுக்கு முன்னாடி நீ போனா மேட்ச் பணம் உனக்குக் கிடையாது தாயே."

தொழிலாளி சேமிப்பில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் ஆலை தன் பங்காக ஒரு டாலர் போடும், சம்பளத்தில் ஐந்து சதவீதம் வரை. அதற்குத்தான் மேட்ச் என்று பேர். சேர்ந்த அன்றைக்கு இதே ட்ரூடி சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, "இனாம் பணம், விடாதீங்க" என்று தொண்டை கிழியச் சொன்னாள். இனாம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு எவன் மீதியைக் கேட்டான்?

"அதெல்லாம் பழைய வகை எடுத்தவங்களுக்கு" என்றாள் ஆர்லிஸ். "நான் ராத் எடுத்தவ. வரி கட்டிட்டுத்தான் போட்டேன். என் பணம் மொத்தமும் என் பணம்."

சேமிப்பில் இரண்டு வகை உண்டு, பழைய வகைக்குப் பணத்தை எடுக்கும்போது வரி, ராத் என்பதற்குப் போடும்போதே வரி. அவள் இதை நம்பியதோடு நிற்கவில்லை, இரண்டரை வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். லவோன் ஃபாரத்தில் பழைய வகை என்ற கட்டத்தில் டிக் போட்டபோது, வரியைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கப் போகிறாயா என்று கேலி செய்தவள் இவள்தான்.

ட்ரூடி ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டாள்.

"இந்தப் பக்கம் நீ போட்டது. எட்டாயிரத்து இருநூறு. இது ராத். வரி அப்பவே கட்டியாச்சு. லாபத்துக்கு மட்டும் அஞ்சு வருஷக் கணக்கு ஒண்ணு இருக்கு, அது சில்லறை, விடு. நீ இந்த நிமிஷம் எழுந்து போனாலும் இது உன்னோடது. சரியா?"

"சரி."

"அந்தப் பக்கம் கம்பெனி போட்டது. அஞ்சாயிரத்துத் தொள்ளாயிரம். நீ எதுல வேணும்னாலும் போடு, இங்க கம்பெனி பங்கு பழைய வகையிலதான் விழும். அதுக்கு யாரும் இன்னும் வரி கட்டல. எடுக்கிற வருஷம் நீதான் கட்டணும்."

"நான் ராத்னு டிக் பண்ணினேனே!"

"உன் காசுக்குப் பண்ணினே. அவங்க காசுக்கு நீ எப்படிப் பண்ணுவே?"

"அப்போ ஃபோன்ல ஒரே தொகையாக் காட்டுதே?"

"கீழ சின்ன எழுத்துல பிரிச்சும் காட்டும். யாரு பார்க்கிறா? நீ மட்டும் இல்லடி, போன வருஷம் மேஸ்திரியே வந்து இதே நாற்காலியில உட்கார்ந்து என்கிட்ட கத்தினான்."

ஆர்லிஸ் அந்தத் தாளையே பார்த்தாள். மூன்று வருஷம் முடியும் நாள்வரை அந்தப் பக்கத்தில் ஒரு டாலர்கூட அவளுடையதல்ல. முந்தின நாள் போனால் பூஜ்யம், மறுநாள் போனால் முழுசும். அப்புறமும் வரியில் ஆயிரம் கிட்டப் போய்விடும். மடித்த கடிதத்தை ட்ரூடியே திருப்பிக் கொடுத்தாள்.

"அஞ்சு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

அன்று சாயந்திரம் மாரிட்டுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மார்ச் வரைக்கும் பொறு."

"புதுவருஷம் வரைக்கும் பொறுக்கிறேன்" என்றாள் மாரிட். "அவன் பணத்தை எடுத்துட்டுப் போகணும்னு குதிக்கிறான். எனக்கு வேற ஆளா தெரியும்? நீ வருவேன்னுதான் யாருக்கும் சொல்லாம வெச்சிருக்கேன்."

"மார்ச் பன்னெண்டாம் தேதி உன் வாசல்ல நிக்கிறேன்."

"பார்க்கலாம்" என்றாள் மாரிட். அந்தக் குடும்பத்தில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தமில்லை, ஆனால் முடியும் என்றும் அர்த்தமில்லை.

அதிலிருந்து ஆர்லிஸுக்கு ஆலை வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் மனசு வெறுத்தால், போடா நீயும் உன் ஜன்னலும் என்று ஒருநாள் எறிந்துவிட்டுப் போகலாம் என்ற தைரியம் உள்ளே இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் மனிதர்கள் வேலைக்கே போகிறார்கள். இப்போது அது போய்விட்டது. மேஸ்திரி சத்தம் போட்டால் பல்லைக் காட்டினாள். மணிக்கட்டில் பட்டை கட்டினால் யாராவது பார்த்து எழுதிவிடுவார்களோ என்று முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தாள். கழிப்பறைக்குப் போனால் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். வரிக்குப் போகும் ஆயிரத்தை ஈடுகட்ட சனிக்கிழமையும் வந்தாள்.

கண்ணாடியின் மறுபக்கம் லவோன். ஐம்பத்தேழு வயது, சிவந்த முகம், வாய் ஓயாது.

"என்னடி ராத் மகாராணி, குரலே காணோம்? வரி கட்டி முடிச்ச களைப்பா?"

"தூக்குடி பேசாம."

"சேர்ந்தே மார்ச்சைப் பார்ப்போம். உனக்கும் எனக்கும் ஒரே நாள்ல விலங்கு கழலும். அந்த வார வெள்ளிக்கிழமை மீன் விருந்து என் செலவு, பிராந்தி உன் செலவு."

லவோனுக்கு மட்டும் ஆர்லிஸ் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மாரிட்டின் கடை, மாடி அறை, ஏரி பார்த்த ஜன்னல், புதுவருஷக் கெடு எல்லாம். ஒரே கண்ணாடியைச் சேர்ந்து தூக்கும் இரண்டு பேருக்கு நடுவே ரகசியம் தங்காது.

நவம்பரில் மான் வேட்டைக் காலம் வந்தது. அந்த ஒன்பது நாளும் ஆலை பாதி காலியாக இருக்கும், எவன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஆலை மேலாளர் கிரெய்க் ஹோவ்லாண்ட் வருஷா வருஷம் ஆர்லிஸின் மைத்துனர் காட்டில்தான் மரத்தில் பரண் கட்டி உட்காருவார். குளிர் தாங்காமல் இறங்கினால் அவள் டிரெய்லரில் வந்து காபி குடிப்பார். அந்த வருஷமும் வந்தார். செம்மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல், காபியைக் குடிக்காமல், கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"உங்க காட்டுல உட்கார்ந்துட்டு உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரல, ஆர்லிஸ். டிசம்பர் முதல் வாரம் ஆள் குறைக்கிறோம். அறுபது பேர்."

இருநூறு பேர் வேலை செய்யும் ஆலை. பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

"நானா?"

"கண்ணாடிப் பிரிவுல எட்டுப் பேர். உங்க பேர் இருக்கு. கை சரியில்லன்னு மேஸ்திரி எழுதிக் கொடுத்திருக்கான்."

முழுக்கைச் சட்டை யாரையும் ஏமாற்றவில்லை. ஆர்லிஸ் எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு கெஞ்ச அவளுக்கு வரவில்லை.

"மார்ச் பதினொண்ணு வரைக்கும் வெச்சுக்குங்க. அதுக்கப்புறம் நானே போயிடறேன், எழுதியே தர்றேன். மேட்ச் இல்லாம போனா என்கிட்ட ஒண்ணும் இல்ல. எங்க அக்கா கடை போயிடும். இந்த டிரெய்லர்லயே கிடந்து சாவேன், கிரெய்க்."

"என் கையில ஒண்ணும் இல்லீங்க. மேல இருந்து வர்றது எண்ணிக்கை. எட்டுன்னா எட்டு." அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒருத்தரை எடுத்தா இன்னொருத்தரை வைக்கணும். யாரை வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க."

கேட்கக் கூடாத கேள்வி. மனிதர் கெட்டவரல்ல, கோழை. கோழைகள்தான் இந்த மாதிரிக் கேள்வியை அடுத்தவர் மடியில் இறக்கிவிட்டு நிம்மதியாகப் போவார்கள். ஆனால் அவர் கேட்டார் என்பதற்காக அவள் பதில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"லவோன்" என்றாள் ஆர்லிஸ். "அவ புருஷன் கவுண்டி அரசாங்கத்துல சாலை வேலையில இருக்கான். அவனுக்கு ஓய்வூதியம் வரும். அவ சமாளிச்சுப்பா."

ஹோவ்லாண்ட் தலையாட்டிவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். கோப்பையில் காபி அப்படியே இருந்தது. அவள் அதைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி அறுபது பேரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். லவோன் அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தாள். முதன்முறையாக அவள் முகம் வெளுத்திருந்தது.

"பதினாலு வாரம்டி. பதினாலே வாரம் பாக்கி. மேட்ச்சும் போச்சு, வேலையும் போச்சு. என்னை ஏன்டி எடுத்தாங்க? நான் என்ன பண்ணினேன்?"

"ஐயோ, லவோன்" என்றாள் ஆர்லிஸ். லவோன் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆர்லிஸ் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் வேகவைத்து ஒரு பெரிய தட்டு நிறையக் கொண்டுபோய் லவோன் வீட்டில் கொடுத்தாள். அடுத்த ஞாயிறும் கொடுத்தாள். அந்த ஊரில் சாவு வீட்டுக்குத்தான் அப்படிக் கொண்டுபோவார்கள்.

ஆலையில் லவோன் இருந்த பக்கத்தில் ஒரு இயந்திரக் கை வைத்தார்கள். உறிஞ்சிப் பிடித்துத் தூக்கும் ரப்பர்க் கிண்ணங்கள் நான்கு அதில் இருந்தன. குளிருக்கு அது மணிக்கு ஒருமுறை பிடி நழுவிற்று. நழுவும்போதெல்லாம் முழு எடையும் ஆர்லிஸின் மணிக்கட்டில் வந்து இறங்கும். எண்ணிக்கை மட்டும் நூற்றைம்பதிலிருந்து நூற்றெண்பது ஆகியிருந்தது. நாள்காட்டியைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். கழிப்பறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் மட்டும் நாளை எண்ணினாள். புதுவருஷம் வந்து போயிற்று. மாரிட் போனை எடுக்கவில்லை. கடையில் கூட்டமாக இருக்கும் என்று ஆர்லிஸ் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஜனவரியில் எவன் மீன் வாங்க வருகிறான் என்று அவளுக்கே தெரியும்.

ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிறு லவோனே டிரெய்லருக்கு வந்தாள். பூட்ஸை உதறிவிட்டு உள்ளே வந்து, ஆர்லிஸ் காட்டிய நாற்காலியில் உட்காராமல் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"படி."

ஆர்லிஸ் படித்தாள். ஒரே வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆட்கள் குறைந்தால், அந்த வருஷம் ஆலையை விட்டுப் போன எல்லோருக்கும், மூன்று வருஷம் முடியாவிட்டாலும், கம்பெனி போட்ட பங்கு முழுசாகச் சொந்தம். சட்டம் அப்படி.

"உனக்கு மேட்ச் கிடைச்சிடுச்சா?" என்றாள். குரலில் சந்தோஷம்தான் முதலில் வந்தது, அது பொய்யில்லை.

"ஒரு டாலர் குறையாம. ஐம்பத்தஞ்சு தாண்டினவங்களை வேலையை விட்டு எடுத்தா அபராதமும் இல்லையாம். வரி உண்டு, கட்டிக்கிறேன்." லவோன் இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி மதுக்கடையில ஹோவ்லாண்டைப் பார்த்தேன். நான் என்ன தப்புப் பண்ணினேன்னு கேட்டேன். ரெண்டு பிராந்தி உள்ள போயிருந்துச்சு. உளறிட்டான்."

ஆர்லிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் என் பேரைச் சொன்னியாம்."

"ஆமா."

"ரெண்டு தட்டு சாப்பாடு கொண்டு வந்தியே. அதைச் சாப்பிட்டப்போ எனக்குத் தெரியாது. மூணாவது தட்டு கொண்டு வந்திருந்தா உன் தலையிலயே கவிழ்த்திருப்பேன்."

"எனக்குப் போக வேற வழி இல்ல, லவோன். உனக்குப் புருஷன்னு டுவேன் இருக்கான்னு நினைச்சேன்..."

"பேசாதே." லவோனின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. "நீ என்னைக் கிணத்துல தள்ளினே. அடியில கதவு ஒண்ணு இருந்துச்சு, நான் வெளிய வந்துட்டேன். அது உன் புண்ணியம் இல்ல."

லவோன் கையுறையை மாட்ட ஆரம்பித்தாள்.

"இன்னொண்ணு. அது வேற யார் சொல்லியும் நீ கேட்கக் கூடாது. டுவேன் டுலூத் பக்கம் ஏரி உறைஞ்சதும் மீன் பிடிக்கப் போனான், நானும் போனேன். உங்க அக்கா கடைக்குப் போனோம். கெடு முடிஞ்சு அந்தப் பங்காளி வக்கீலோட வந்து நிக்கிறான், உங்க அக்கா அழறா. என் பணமும் டுவேன் போட்ட மிச்சமும் சேர்த்துக் கொடுத்துட்டோம். பாதிக் கடை எங்களோடது."

"மாரிட் என்கிட்ட சொல்லலையே" என்றாள் ஆர்லிஸ்.

"உன் போனை எடுக்க அவளுக்குத் தைரியம் இல்ல. நான் செஞ்ச காரியத்தை நானே சொல்லணும்னு வந்தேன். எனக்கு அந்தப் பழக்கம் இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அவள் வண்டி பனியில் உறுமிக் கிளம்பிப் போகும்வரை ஆர்லிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். கடை போனதற்கு அழுதாளா, லவோன் போனதற்கு அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை நேராக ட்ரூடியிடம் போனாள்.

"அந்தச் சட்டம் எனக்கும் உண்டா?"

ட்ரூடி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன வருஷம் போனவங்களுக்குத்தான். நீ இங்கதானே இருக்கே."

"அக்டோபர்ல நான் கடிதம் கொண்டு வந்தேனே. அன்னைக்கே போயிருந்தா?"

"ஆர்லிஸ்..."

"சொல்லு."

"தானா போனவங்களுக்கும் உண்டு. அந்த வருஷம் போன எல்லாருக்கும்." ட்ரூடியின் கண் கலங்கியது. "அறுபது பேரை எடுப்பாங்கன்னு அக்டோபர்ல எனக்கு எப்படித் தெரியும்? உன் நல்லதுக்குத்தான் தடுத்தேன்."

"தெரியும்" என்றாள் ஆர்லிஸ். அவளுக்கு ட்ரூடி மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அன்றைக்கு அந்தக் கடிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால், அல்லது பரணிலிருந்து இறங்கி வந்தவரிடம் சரி, என்னையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால், பணமும் வந்திருக்கும், கடையும் வந்திருக்கும், லவோனும் இருந்திருப்பாள். எந்தப் பக்கம் கால் வைத்திருந்தாலும் வெளியே போயிருப்பாள். அவள் அங்கேயே இருப்பதற்குத்தான் அத்தனை பாடு பட்டாள்.

ஆறு மணிச் சங்கு ஊதியது. போய் நின்றாள். வேறு என்ன செய்வாள்? எட்டாயிரத்தை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது, இன்னும் ஆறு வாரத்தில் மீதி வருகிறது. பிப்ரவரி முழுக்க இயந்திரக் கை நழுவிக்கொண்டே இருந்தது.

மார்ச் பதினொன்றாம் தேதி காலை இடைவேளையில் ட்ரூடியே அவளைத் தேடிக்கொண்டு வேலைக்கூடத்துக்குள் வந்தாள். சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று காதருகே குனிந்தாள். கைபேசியில் அந்தப் பக்கத்துத் தொகையைக் காட்டினாள். ஆறாயிரத்து எழுநூறு, அத்தனையும் அவள் பேரில்.

"முடிஞ்சுது, ஆர்லிஸ்! இனிமே உன்னை ஒருத்தரும் பிடிச்சு வெச்சுக்க முடியாது. நீ எப்ப வேணும்னாலும் போகலாம்."

"எங்க?" என்றாள் ஆர்லிஸ்.

அவள் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து ட்ரூடி சிரித்தாள்.